மன்னிப்பு ஏற்கப்படும் வரை

ஹார்ட்வெல் நகரத்தில் இலகு ரயில் ஓடவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓடுகிறது. என் கடை வாசலில்தான் ஓடுகிறது. காலையில் கிழக்கே போகிறது, பிறகு மேற்கே வருகிறது, மணியடிக்கிறது, நிலையத்தில் நிற்கிறது, கதவைத் திறந்து மூடுகிறது. உள்ளே இருக்கைகளில் மணல் மூட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன. மனிதர்களை ஏற்றுவதற்கு முன் மனித எடையை ஏற்றிப் பார்க்கிறார்களாம். மூன்று குளிர்காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூட்டைகளிடமிருந்து இதுவரை ஒரு புகாரும் இல்லை என்று நகர இலகு ரயில் ஆணையம் அறிக்கை விட்டிருக்கிறது.

கோவர் தெருவின் வடபக்கத்தில் நான் காசு போட்டுத் துணி துவைக்கும் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தரைத்தளத்தில் ஆர்வில் குஸிக் இருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர் என்றால் போதாது, எரிச்சல் வருகிற அளவுக்கு நல்லவர். கடையில் யாராவது தன் காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். யாராவது இவரிடம் மன்னிப்புக் கேட்டாலோ, அவர்கள் வாக்கியத்தை முடிப்பதற்குள் "பரவாயில்ல, பரவாயில்ல" என்று கையை ஆட்டுவார். இது அவருடைய தனிக்குணம் இல்லை. எங்கள் ஊருக்கே உள்ள வியாதி. அவருக்குக் கொஞ்சம் முற்றியிருந்தது, அவ்வளவுதான்.

அவர் மனைவி லோர்னா தெருவுக்கு நேர் எதிரே செடார் கோர்ட் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. சாப்பாடு யார் ஊட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வார். ஆர்வில் கரண்டியை நீட்டினால் மட்டும் வாய் திறக்கும். அதனால் ஆர்வில் தினமும் சாயங்காலம் பார்லி சூப்போ மசித்த உருளைக்கிழங்கோ செய்து எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு தெருவைத் தாண்டிப் போய் ஊட்டிவிட்டு வருவார். அந்த ஒரு வேளைதான் லோர்னா உருப்படியாகச் சாப்பிடுவது.

அப்போதுதான் தெருவின் நடுவே ரயில் பாதை வந்தது. பாதையோடு நீளமாக ஒரு வேலியும் வந்தது. தெருவைத் தாண்ட வேண்டுமானால் பனியில் நடந்து போய் மாற்றுப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். அது மனம் வைத்து வந்தால் மேம்பாலம் வரை போகலாம். அங்கிருந்து இறங்கி மறுபடி இவ்வளவு தூரமும் திரும்பி வர வேண்டும். ஆர்வில் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது சூப் ஆறியிருக்கும், சாப்பாட்டு நேரம் முடிந்து விளக்கை அணைத்திருப்பார்கள், லோர்னா தூங்கியிருப்பார். அந்த அம்மாள் கண்ணெதிரே இளைத்துக்கொண்டு போனார். இப்படியே போனால் வயிற்றில் குழாய் வைக்க வேண்டும், அதற்கு வேறு ஊர் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலியில் ஒரு கதவு இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரியாக என் கடைக்கு முன்னால். அதைத் திறந்தால் நிலைய மேடை வழியாக எதிர்ப்பக்கம் போய்விடலாம். மஞ்சள் வர்ணம் அடித்து, விளக்கு வைத்து, சக்கர நாற்காலிக்குச் சரிவு கட்டி, எல்லாம் தயார். அதில் ஒரு பெரிய பூட்டுத் தொங்குகிறது. பூட்டுக்கு மேல் ஒரு பலகை: உங்கள் பொறுமைக்கு நன்றி. நான் யாருக்கும் என் பொறுமையைக் கொடுத்ததாக நினைவில்லை.

"வாங்க, போய்க் கேட்டுட்டு வருவோம்," என்று நான்தான் ஆர்விலை ஆணையத்தின் மக்கள் தொடர்பு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அது முன்பு டோனட் கடையாக இருந்த இடம். தெருவைத் தோண்டியதில் கடை படுத்துவிட்டது. அந்த இடத்தை ஆணையம் வாடகைக்கு எடுத்து, கடைகள் படுத்துப்போவதற்கு வருந்தும் அலுவலகத்தை அங்கேயே திறந்துவிட்டது.

உள்ளே கெண்ட்ரா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் பெயர்ப்பலகையில் 'முதுநிலை மன்னிப்பு அலுவலர்' என்று போட்டிருந்தது.

"வாங்க ஆர்வில்! எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேம்மா," என்றார் ஆர்வில். எங்கள் ஊரில் கால் ஒடிந்து பனியில் கிடப்பவனும் அப்படித்தான் சொல்வான். கெண்ட்ரா கணினியில் எதையோ தட்டினாள். எட்டிப் பார்த்தேன். 'வடபக்கக் குடியிருப்பாளர்: திருப்தி' என்று விழுந்திருந்தது.

ஆர்வில் கம்பளித் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். லோர்னா, சூப், மேம்பாலம், டாக்டர், குழாய். கெண்ட்ரா எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்தாள். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் கோத்தது.

"ஆர்வில், உங்களுக்கும் லோர்னாவுக்கும் நாங்க குடுத்த கஷ்டத்துக்கு ஆணையத்தோட சார்பா மனசார மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"ஐயோ, பரவாயில்லம்மா. நீ என்ன பண்ணுவ, பாவம்."

கண்ணீர் அந்த இடத்திலேயே நின்றது. கெண்ட்ரா நாற்காலிக்குத் திரும்பி ஒரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் ஆணையத்தின் சின்னம் போட்ட ஆளுக்கொரு காப்பிக் கோப்பை கொடுத்தாள்.

"அப்ப அந்த வேலிக்கதவு?" என்றேன் நான்.

"அது எங்க கையில இல்லீங்க. கதவு ஒப்பந்தக்காரங்களோடது. எங்க துறை மன்னிப்பு மட்டும்தான்."

"ஏன் பூட்டி வச்சிருக்காங்க?"

"பாதுகாப்புச் சான்றிதழ் வரணும்ல. அந்த வழியா ஜனங்க அடிபடாம போய் வர்றாங்கன்னு நிரூபிச்சாத்தான் சான்றிதழ் குடுப்பாங்க."

"போக விட்டாத்தானே நிரூபிக்க முடியும்?"

"சான்றிதழ் இல்லாம எப்படிங்க போக விடறது?" என்று அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

அடுத்த மாதம் ஹாக்கி மைதானத்து ஹாலில் மக்கள் கருத்துக் கேட்பு நடந்தது. எங்கள் ஊரில் கருத்துக் கேட்பு என்றால், பலகைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒரு வண்ணப் பொட்டுக் கொடுப்பார்கள். பிடித்த இடத்தில் ஒட்டிவிட்டுப் பிஸ்கட் தின்றுவிட்டுப் போகலாம். அன்றைய கேள்வி: ஆணையம் உங்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பதை விரும்புகிறீர்கள்? நேரில், அஞ்சலில், குழந்தைகளின் பாட்டுடன், இப்படிப் பல பலகைகள். ஜனங்கள் ஒருவரையொருவர் முந்தாமல் ஒழுங்காக வரிசையில் நின்று ஒட்டினார்கள். ஆர்வில் எல்லாப் பலகையையும் பார்த்தார். கதவைத் திறக்கச் சொல்லும் பலகை எங்கேயும் இல்லை. கடைசியில் பொட்டை வெறும் சுவரில் ஒட்டிவிட்டு, சுவரைக் கெடுத்ததற்காகக் காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

சுவரில் ஒட்டிய பொட்டை ஆணையம் வீணாக்கவில்லை. குடியிருப்பாளர்கள் சுவரில் எழுதிய மன்னிப்பை விரும்புகிறார்கள் என்று ஆலோசகர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டே வாரத்தில் லாரிகளில் ஆட்கள் வந்து கம்பி வேலி நெடுக ஆளுயரத்துக்கு மேல் மரப்பலகை அடித்தார்கள். அதன்மேல் ஓவியர்கள் 'மன்னிக்கவும்' என்று இரண்டு ஆட்சிமொழிகளிலும் எழுதினார்கள். பிரெஞ்சுக்கு எழுத்து அதிகம் வந்ததால் வேலியைக் கொஞ்சம் நீட்டினார்கள். பதிமூன்று வருடமாக ரயில் வேலை முடியாத ஊரில் இந்த ஒரு வேலை சொன்ன நாளில் முடிந்தது.

அதுவரை ஆர்வில் ஜன்னலில் நின்றால் கம்பி வழியாக லோர்னாவின் ஜன்னல் தெரியும். இருட்டுவதற்கு முன் இவர் விளக்கைப் போட்டுக் கையசைப்பார். அந்த அம்மாள் நல்ல கையைத் தூக்குவார். இப்போது இவர் ஜன்னலில் 'மன்னி' என்பது மட்டும் தெரிந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். மறுபடியும் அவரை இழுத்துக்கொண்டு கெண்ட்ராவிடம் போனேன்.

"உங்க கோப்பு முடிஞ்சுபோச்சே ஆர்வில்," என்றாள் அவள், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "மன்னிப்பை ஏத்துக்கிட்டீங்களே. பரவாயில்லன்னு சொன்னீங்க."

"அது... சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னதும்மா."

"எங்க நடைமுறையில சும்மா சொல்றதுக்குன்னு தனிப்பிரிவு இல்லீங்களே. பரவாயில்லன்னா முடிஞ்சுது. வேணும்னா புதுசா ஒரு கோப்புத் திறக்கறேன். பலகை அடிச்சதுக்காக மன்னிச்சுக்கோங்க."

"பரவாயில்லம்மா," என்றார் ஆர்வில். சொன்னவுடன் வாயைப் பொத்திக்கொண்டார். கெண்ட்ரா அதற்குள் பொத்தானை அழுத்தி இன்னும் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டாள்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். "யோவ், அந்த வாயைத் தச்சு வைக்கக் கூடாதா நீங்க?"

"பழகிப்போச்சுப்பா. கோச்சுக்காத, மன்னிச்சுக்கோ," என்றார்.

மூன்றாவது வழி ஆணையத்தின் பொதுக்கூட்டம். தலைமை அதிகாரி டெஸ்மண்ட் ஃபேர்லி அன்று உரையாற்றினார். உயரமான ஆள், வெள்ளித் தலைமுடி, கோட்டில் மேப்பிள் இலைச் சின்னம். குரல் தேன்.

"நண்பர்களே, சில பேர் நம்மள தாமதம் தாமதம்ங்கறாங்க. நான் பணிவோட ஒண்ணு கேக்கறேன். எதுக்குத் தாமதம்? தேதி சொன்னாத்தானே தாமதம் ஆகும்? நான் பொறுப்பேத்த நாள்லேர்ந்து இந்த ஆணையம் ஒரு தேதியும் சொன்னதில்ல. தேதிங்கறது ஜனங்க மனசுல எதிர்பார்ப்பை உண்டாக்குது. எதிர்பார்ப்பு ஏமாத்தத்தை உண்டாக்குது. அந்த ஏமாத்தத்தை நாங்க வேரோட பிடுங்கிட்டோம். ரயில் விடறதை விட அது பெரிய சாதனைன்னு நான் நினைக்கறேன்."

கைதட்டினார்கள். நம்ப மாட்டீர்கள், ஜனங்களும் தட்டினார்கள். தட்டாமல் இருப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

அடுத்து ஆணையத்தின் வழக்கறிஞர் பெல்லமி அம்மாள் எழுந்தார். "நம்ம மாகாணத்துச் சட்டப்படி மன்னிப்புக் கேட்டா தப்பை ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல. எந்தக் கோர்ட்டுலயும் அதை நம்மமேல திருப்ப முடியாது. அதனால நாம பயமில்லாம, தாராளமா, எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேக்கலாம். என்ன செஞ்சோம்னு தெரிஞ்சுக்க வேண்டிய அவசியம்கூட இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் செய்யக் கூடாது. எதையும் சரி பண்ணிடக் கூடாது. சரி பண்ணா, முன்னாடி தப்பா இருந்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

பிறகு பொதுமக்கள் பேச நேரம். ஆர்வில் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். எல்லோரும் களைத்திருப்பீர்கள், வெளியே பனி, வீட்டுக்குப் போக வேண்டும், என்னால் தாமதம் ஆகக் கூடாது. இப்படியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததில் அவருடைய நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். "அந்தாளு பொண்டாட்டி பட்டினி கெடக்கறாய்யா! கதவைத் திறந்தா ஒரு வாய் சாப்பிடுவா! கதவைத் திறங்கய்யா!"

ஹாலே ஸ்தம்பித்துப்போனது. பட்டினிக்காக இல்லை, நான் முறை வராமல் பேசியதற்காக. எனக்கு முன்னால் இருந்தவர், நடந்ததற்குத் தன் பங்குக்கு யாரிடமோ மன்னிப்புக் கேட்டார். ஃபேர்லி மட்டும் கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவர் கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஓர் ஒளி இருந்தது.

"இது சாதாரண மன்னிப்புல அடங்கற விஷயம் இல்ல," என்றார். "இதுக்குப் பேராணை மன்னிப்பே கேட்கணும்."

பேராணை மன்னிப்பு என்றால் என்னவென்று கெண்ட்ரா மறுவாரம் ஆர்வில் வீட்டுக்கே வந்து விளக்கினாள். ஆணையத்தின் சரித்திரத்தில் முதல் தடவை. தலைமை அதிகாரி நேரில், நிலைய மேடையில், மேயர் முன்னிலையில். வருபவர்களுக்குக் காப்பி.

"அதுக்குன்னு தனி மரபு இருக்குங்க," என்றாள் பெருமையாக. "ஆலோசகர்கள் ஒரு வருஷம் உக்காந்து வகுத்தது. மன்னிப்புக் கேக்கறவருக்கும் வாங்கறவருக்கும் நடுவுல எந்தத் தடையும் இருக்கக் கூடாது. அதனால அன்னிக்கு வேலிக்கதவைத் திறந்துடுவோம்."

நான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். "எவ்வளவு நேரம் திறந்திருக்கும்?"

"மன்னிப்பு ஏற்கப்படும் வரைக்கும். ஏத்துக்கிட்டதும் மூடிடுவோம். நம்ம ஊர்ல எவ்வளவு நேரம் ஆகப்போகுது, அரை நிமிஷம்," என்று சிரித்தாள்.

அவள் போனதும் நான் கதவைத் தாழிட்டுவிட்டு ஆர்விலை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"நீங்க வாயைத் திறக்கலேன்னா கதவு திறந்தே இருக்கும். புரியுதா? பரவாயில்லன்னு மட்டும் சொல்லவே கூடாது."

"ஒரு மனுஷன் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறப்ப கல்லு மாதிரி நிக்கறதா? எவ்வளவு மரியாதைக் கேடுப்பா அது."

"பழகலாம். நான் மன்னிப்புக் கேக்கறேன், நீங்க பேசாம இருங்க. மன்னிச்சுக்கோங்க ஆர்வில்."

"பரவாயில்ல."

"யோவ்!"

"மன்னிச்சுக்கோப்பா."

அந்த வாரம் முழுக்கப் பழகினோம். அவர் காலை மிதித்தேன். காப்பியை அவர் சட்டையில் ஊற்றினேன். கதவைத் திறந்து மூக்கில் இடித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாழாய்ப்போன வார்த்தை பல்லுக்குப் பின்னாலிருந்து தானாக வந்து விழுந்தது. எனக்கு வெறுத்துவிட்டது.

"லோர்னா எலும்பும் தோலுமாக் கெடக்கறாளே, அது மரியாதையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆர்வில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மறுபடி அவர் காலை மிதித்து மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தை வரவில்லை.

விழா அன்று நல்ல பனி. மேடையில் சிவப்புக் கம்பளம், பள்ளிக் குழந்தைகளின் பாட்டு, மேயர், தொலைக்காட்சிக்காரர்கள். தெற்குப் பக்கத்திலிருந்து ஃபேர்லி வந்தார். வடக்குப் பக்கத்திலிருந்து நானும் ஆர்விலும். ஆர்விலிடம் சூப் போட்ட சுடுகுடுவை, சட்டைப் பையில் கரண்டி. ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவன் வந்து பூட்டைத் திறந்தான். கதவு சத்தமில்லாமல், நேற்றுச் செய்தது போல வழுக்கிக்கொண்டு திறந்தது.

ஃபேர்லி உருக்கமாகப் பேசினார். தோண்டியதற்கு, மூடியதற்கு, மறுபடி தோண்டியதற்கு, வேலிக்கு, வேலிமேல் எழுதியதற்கு, எழுதியதில் ஓர் எழுத்து விட்டுப்போனதற்கு, எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டார். கடைசியில் தலையைக் குனிந்தார். "ஆர்வில், எங்களை மன்னிப்பீங்களா?"

கூட்டத்தில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் "பரவாயில்ல" என்று முணுமுணுத்தார்கள். பெல்லமி அம்மாள் திரும்பிப் பார்த்து, "சம்பந்தப்பட்ட குடும்பம் சொன்னாத்தான் செல்லும்," என்றார்.

ஆர்வில் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். அவர் படுகிற அவஸ்தையைப் பார்த்து மேயரே, "யாராவது அவருக்குத் தண்ணி குடுங்க," என்றார். அப்புறம் ஆர்வில் ஒரு வார்த்தையும் பேசாமல், குனிந்த தலையோடு நின்ற ஃபேர்லியைச் சுற்றிக்கொண்டு, மேடையைக் கடந்து, அந்தப் பக்கம் இறங்கி, செடார் கோர்ட்டுக்குள் போய்விட்டார்.

சூப் சூடாக இருந்தது. லோர்னா முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் ஆணையம் 'நாட்டின் மிக நீண்ட மன்னிப்பு' என்று பத்திரிகைக் குறிப்பில் போட்டது. மரபை மீற முடியாது. ஏற்கப்படும் வரை கதவை மூடக் கூடாது. ஃபேர்லி தினமும் சாயங்காலம் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் வந்து நிற்பார். ஆர்வில் சுடுகுடுவையோடு வருவார். ஃபேர்லி மன்னிப்புக் கேட்பார். ஆர்வில் உதட்டைக் கடித்துக்கொண்டு கடந்துபோவார். ஒரு நாள் குழந்தைகளைக் கூட்டிவந்து பாட வைத்தார்கள். ஒரு நாள் கெண்ட்ரா தெரியாத மாதிரி அவர் காலை நன்றாக மிதித்தாள். நாங்கள் பழகியது வீண்போகவில்லை.

ஜனங்கள் சந்தடி இல்லாமல் கதவை உபயோகிக்க ஆரம்பித்தார்கள். குழந்தை வண்டி தள்ளும் தாய்மார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கைத்தடிக்காரர்கள். என் கடைக்குத் தெற்குத் தெருக்காரர்கள் மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி கொண்டுவந்தார்கள். லோர்னாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர்.

நான் கெண்ட்ராவைப் பிடித்தேன். "இத்தனை பேரு அடிபடாம போய் வந்தாச்சே. சான்றிதழ் குடுத்துட வேண்டியதுதானே?"

"அவங்கல்லாம் மன்னிப்பு நிகழ்ச்சிக்கு வந்த விருந்தினர்கள்ங்க," என்றாள். "விருந்தினரைப் பாதசாரிக் கணக்குல சேக்க முடியாது."

ஒரு வியாழக்கிழமை. துவைத்த இரவு உடைகளைக் கொடுக்க நானும் லோர்னா அறையில் இருந்தேன். ஆர்வில் ஊட்டிக்கொண்டிருந்தார். கதவு தட்டப்பட்டு ஃபேர்லி உள்ளே வந்தார். பின்னாலேயே பெல்லமி அம்மாள், கெண்ட்ரா. மேடையில் குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது. மன்னிப்பை அறை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

"ஆர்வில்," என்று ஆரம்பித்து ஃபேர்லி ஓர் அடி முன்னால் வைத்தார். கோட்டு தடித்தது, அறை சின்னது. முழங்கை இடித்துக் கிண்ணம் சரிந்து, சூப் லோர்னாவின் மடியில் கொட்டிவிட்டது.

"ஐயையோ! மன்னிச்சுருங்கம்மா! சுட்டுருச்சா?" என்று ஃபேர்லி அப்படியே மண்டிபோட்டார். கைக்குட்டையை எடுத்துப் போர்வையைத் துடைத்தார். யாரும் எழுதிக் கொடுக்காத மன்னிப்பு அது. அந்தக் கொஞ்ச நேரம் அவர் மனுஷனாகத்தான் இருந்தார், அதை மறைக்க மாட்டேன்.

லோர்னா அவரையே பார்த்தார். உதடு அசைந்தது. மூன்று வருடத்துக்கும் மேலாகச் சத்தம் வராத தொண்டையிலிருந்து, துருப்பிடித்த தாழ்ப்பாள் இழுபடுவது போல ஒரு குரல் வந்தது.

"பரவாயில்ல... பரவாயில்லப்பா."

ஆர்வில் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"குடும்பம் சொல்லிடுச்சு," என்றார் பெல்லமி அம்மாள்.

ஃபேர்லி நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடி அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கைக்குட்டை சூப்பிலேயே கிடந்தது. "எல்லாரும் கேட்டீங்கல்ல? ஏத்துக்கிட்டாங்க! லோர்னா, உங்க பெருந்தன்மையை இந்த நகரம் மறக்காது." கெண்ட்ரா கைபேசியை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. அழுத்திய பிறகும் அது நிற்கவில்லை என்பதைப் பார்த்தேன். ஆனால் அழுத்தத்தான் செய்தாள்.

"மனுஷனாய்யா நீ? வாயில்லாத பொம்பளைகிட்ட கையெழுத்து வாங்கற மாதிரி வாங்கிட்டுப் போறியே!" என்று நான் அவர் முதுகுக்குப் பின்னால் கத்தினேன். அவர் திரும்பி, அதற்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே சங்கிலி இழுபடும் சத்தமும், பூட்டு விழும் சத்தமும் கேட்டன.

ஆர்விலுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் கட்டிலோரம் குனிந்து மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் மூக்கில் வழிந்தது, துடைக்கவில்லை.

"லோர்னா, இன்னொரு தடவை சொல்லு. எதை வேணாலும் சொல்லு."

லோர்னா வாயைத் திறந்தார், அடுத்த கரண்டிக்காக. சுடுகுடுவையின் அடியில் கொஞ்சம் சூப் மிச்சம் இருந்தது. ஊட்டினார்.

பார்வை நேரம் முடிந்ததும் மாரிவிக் வந்தாள். மணிலாவிலிருந்து வந்த தாதி, கறார்க்காரி. "மிஸ்டர் குஸிக், நேரமாச்சு. கிளம்புங்க."

ஆர்வில் குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து லோர்னாவின் கட்டிலுக்கடியில் தள்ளினார். மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"எப்படிம்மா போறது?" என்றார். "நடுவுல வேலி இருக்கே."

மாரிவிக் ஜன்னல் பக்கம் போய்த் திரையை விலக்கிப் பார்த்தாள். பலகை வேலி, பூட்டு, அதற்கப்பால் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ரயில் போய்க்கொண்டிருந்தது. திரையை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள், அப்புறம் கட்டிலுக்கடியில் இருந்த செருப்பைப் பார்த்தாள்.

"ஆமா, வேலி இருக்கு," என்றாள். போய் ஒரு போர்வையும், சாய்வு நாற்காலிக்கு ஒரு தலையணையும் கொண்டுவந்தாள்.

நான் மேம்பாலம் சுற்றித் தனியாக வீடு வந்து சேர்ந்தேன். ஆர்வில் வரவேயில்லை, இன்று வரை. அவருடைய வீட்டுச் சாமான்களை நான்தான் மாற்றுப் பேருந்தில் மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோவர் தெருவின் வடபக்கத்தைப் பற்றி ஆணையத்தின் ஆண்டறிக்கையில் இந்த வருடம் ஒரு தனிப்பத்தி இருக்கிறது: கதவு தொடர்பான புகார்கள் முற்றிலும் நின்றுவிட்டன, எனவே அங்கே கதவு தேவைப்படவில்லை என்று தெரிகிறது. போன வாரம் ஆட்கள் வந்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் பலகை அடித்துவிட்டுப் போனார்கள்.